ஒரே முகவரியில் நூற்று இருபத்தாறு மண்டைகள்

ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருபத்து மூன்று வருடமாக அவளுடைய வேலை, ஊரார் மூச்சை நிறுத்திவைப்பது. "நல்லா மூச்சை இழுங்க... புடிச்சுக்கோங்க... ஆடக் கூடாது... ம், விடுங்க." ஒரு நாளைக்கு அறுபது பேர். போலீஸ்காரர், வக்கீல், வாய் ஓயாத வாத்தியார் யாராயிருந்தாலும் தாடையைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டு, அவள் வாயிலிருந்து அந்த 'விடுங்க' வரும்வரை கம்மென்று நிற்பார்கள். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

இந்த அதிகாரம் போதாதென்று மூச்சக்காவுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. காமிக்ஸ். அதிலும் எல்லாம் சேர்த்தி கிடையாது. அடுத்தவன் மூளைக்குள் புகுந்து ஆட்டிவைக்கும் வில்லன் வருகிற சூப்பர் ஹீரோ காமிக்ஸ் மட்டும். கட்டடத்தை இடிக்கிறவன், கையில் நெருப்பைக் கக்குகிறவன் எல்லாம் அவளுக்கு வெறும் ரவுடிப் பயல்கள். நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே ஒரு நகரத்தைத் தலைகீழாக நடக்கவைக்கிறானே, அவன்தான் வில்லன். டாக்டர் நிசப்தம், மூளைப்பூச்சி, கபாலச் சக்கரவர்த்தி என்று மொத்தம் நூற்று இருபத்தாறு புத்தகம் சேர்த்திருந்தாள். ஹீரோ பறந்துவந்து குத்துவிடும் கடைசிப் பக்கத்தை அவள் படிப்பதே இல்லை. "அவன் பாவம் ராப்பகலா யோசிச்சு வச்சதை இந்தத் தடிமாடு வந்து கெடுக்கும். அதை வேற நான் பாக்கணுமா?" என்பாள்.

இது பதினொரு வயதில் பிடித்த பைத்தியம். முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு வகுப்பில் கணக்கு டீச்சரின் கையையே முறைத்துக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் கீழே விழுந்தது. டீச்சருக்கு அந்த நேரம் தும்மல் வந்தது என்பதை அவள் இன்றுவரை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு அப்புறமும் புத்தகங்கள் கூடவே வந்தன. கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருந்த இடம் தெரியாத மனுஷர். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தபோதுதான் முதல் தடவையாக வாய் திறந்தார். "இருக்கிறது ரெண்டு ரூம். இதுல மனுஷங்க இருக்கிறதா, இந்த மண்டைங்க இருக்கிறதா, நீயே சொல்லு." நியாயமான கேள்வி. அதனால் அவளுக்குக் கோபம் வந்தது. மறுவாரமே அலமாரியைக் காலி செய்துவிட்டு, "எல்லாத்தையும் குடுத்துட்டேன். திருப்திதானே?" என்றாள்.

கொடுத்தாளாவது! அப்போதுதான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. பழைய ஃபிலிம் வைக்கிற அறை ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்தது. எக்ஸ்ரே ஃபிலிமுக்கென்று பெரிய காக்கிக் கவர் ஒன்று உண்டு. அதற்குள் ஒரு காமிக்ஸ் புத்தகம் கச்சிதமாக உட்காரும். கவருக்கு ஒன்றாக நூற்று இருபத்தாறையும் போட்டு ராக்கையில் அடுக்கினாள். கவரில் பெயர் இல்லாவிட்டால் ஸ்டோர்காரர் தூக்கிப்போட்டுவிடுவார் என்று எல்லாவற்றுக்கும் முறைப்படி எழுதினாள். 'கபாலச் சக்கரவர்த்தி, வயது 300, படம்: தலை.' 'மூளைப்பூச்சி, வயது தெரியவில்லை, படம்: தலை.' பதிவேட்டிலும் வரிசையாக ஏற்றினாள். முகவரிக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாதே என்று எல்லோருக்கும் தன் வீட்டு முகவரியையே போட்டாள். தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அங்கே போய் ஒரு கவரைப் பிரித்துப் படித்துவிட்டு வருவாள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புத்தகத்தை விட்டுக்கொடுத்தவள் என்ற பட்டத்தையும் அவள் விடவில்லை. வீட்டில் எதற்காவது வாக்குவாதம் வந்தால் காலி அலமாரி இருந்த மூலையை ஒரு பார்வை பார்த்து, லேசாக ஒரு பெருமூச்சு விடுவாள். அவ்வளவுதான். கணவர் முகம் சுருங்கி, "சரி விடு, நீ சொல்றபடியே செய்யலாம்" என்பார். சுவருக்கு என்ன வண்ணம், டிவியில் என்ன சேனல், காலையில் பால் வாங்க யார் எழுந்திருப்பது என்று எல்லாம் அந்தப் பெருமூச்சில் முடிவாயின. பதினோரு வருடம். டாக்டர் நிசப்தமே கைகட்டி நின்று கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

அப்படியிருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் புது மேலாளர் வந்துசேர்ந்தார். விதிமுறை என்றால் உயிரை விடுகிற ஆசாமி. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார். வந்த வாரமே ஃபிலிம் அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழைய ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிற கம்பெனிக்கு எல்லாம் கவரோடு போகப்போகிறது, மாசக் கடைசியில் லாரி வரும் என்றார்கள்.

மூச்சக்கா இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். என்னுடையது என்று சொன்னால் இத்தனை வருடம் பொய்ப் பதிவு வைத்திருந்ததற்கு வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் முப்பத்தாறு வருடச் சேகரிப்பு ஃபிலிமோடு அரைபட்டுப் போகும். கணவரிடம் அழலாமென்றால் அவரைப் பொறுத்தவரை அந்தப் புத்தகங்கள் என்றைக்கோ போய்விட்டவை.

தெய்வாதீனமாக, ஊழியர்களுக்கான வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது. மேலாளர் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் அறையில் வந்து நின்றார். தாடை பலகையில். தோள் முன்னால். இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தை எந்த வில்லன் விடுவான்?

"நல்லா மூச்சை இழுங்க சார். புடிச்சுக்கோங்க. ஆடக் கூடாது. அந்த ஃபிலிம் ரூமை அப்படியே விட்டுடலாம்னு நினைக்கிறேன். உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மேலாளர் சிவந்தார். பேசவில்லை.

"நாளைக்கு நோயாளிங்க வந்து, எங்க படம் எங்கன்னு கேட்டா ஆஸ்பத்திரி பேரு என்னத்துக்கு ஆகும்? யோசிச்சுப் பாருங்க. ஆட்சேபம் இல்லையே? சரி, விடுங்க."

"என்னம்மா இது!" என்று புஸ்ஸென்று மூச்சுவிட்டார். "மூச்சைப் புடிச்சிருக்கிறப்ப நான் எப்படிப் பதில் சொல்றது?"

"நான் கேட்டேன், நீங்க மறுக்கலையே சார்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே யோசித்தார். பொத்தான் போட்டு முடிப்பதற்குள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆனா நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. படம் நோயாளியோட சொத்து. கேக்காம நாம அழிக்கக் கூடாது. பதிவேட்டில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் லெட்டர் போட்டுடறேன்."

நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. அடுத்த ஆள் வந்து பலகையில் தாடையை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கணவர் நடுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கடித உறைகள். தபால்காரர் சாக்கோடு கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். கணவர் ஒன்றை எடுத்து நிதானமாகப் படித்தார். "மதிப்பிற்குரிய திரு. மூளைப்பூச்சி அவர்களுக்கு. தங்கள் தலைப் படத்தை ஏழு நாட்களுக்குள் தாங்களோ, அதே முகவரியில் வசிக்கும் உறவினரோ இக்கடிதத்துடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். தவறினால் அழிக்கப்படும்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப குடுக்கலை," என்றார்.

"குடுக்கலைங்க."

"பதினோரு வருஷம். உன்கிட்ட இருந்த ஒரே ஆசையையும் நான்தான் புடுங்கிப்போட்டேன்னு எத்தனை நாள் சோறு இறங்காம இருந்திருக்கேன் தெரியுமா? நீ பெருமூச்சு விட்டா எனக்கு நெஞ்சே அடைக்கும். அந்தப் பாழாப்போன ஊதா பெயிண்ட்டுக்குக்கூட நான் சரின்னு சொன்னேனே!"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே வெட்கம், பிடுங்கித் தின்றது. என்ன சொல்வதென்று தெரியாமல், "ஊதா நல்லாத்தானே இருக்கு," என்றாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். கணவர் கடிதங்களையெல்லாம் பொறுக்கி, தன் ஸ்பேனர் பையில் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஞாயிறு முழுக்க அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பையையும் கண்ணில் காட்டவில்லை. கொளுத்திவிட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம். புத்தகம் போனாலும் போகட்டும், இந்த மனுஷன் பேசினால் போதும் என்று ராத்திரிக்குள் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே அறைக்கு எதிரே இருந்த கவுன்டரில் பேச்சுச் சத்தம். அவள் எட்டிப் பார்த்தாள். கல்யாண நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு கணவர் நின்றிருந்தார். முன்னால் கடிதங்கள், எதிரே மேலாளர், பக்கத்தில் அவளுடைய காக்கிக் கவர்கள் மலையாக.

"அத்தனை பேருக்கும் நீங்கதான் வாங்கிக்கிறீங்களா?" என்றார் மேலாளர். "என்ன உறவு?"

"எல்லாம் என் பொண்டாட்டி வழிச் சொந்தம் சார்."

"நூத்தி இருபத்தாறு பேரும் ஒரே வீட்டிலயா?"

"என்ன செய்யிறது சார், வந்து உக்காந்துட்டாங்க. போன்னு சொல்ல முடியுமா?"

மேலாளர் பாவம், மனமுருகித் தலையை ஆட்டினார். "இவருக்கு வயசு முந்நூறுன்னு போட்டிருக்கே?"

"அவங்க பக்கம் எல்லாருக்கும் ஆயுசு கெட்டி."

"எல்லாருக்குமே தலையை மட்டும் எடுத்திருக்காங்க?"

"அவங்க பரம்பரைக்கே கோளாறு அங்கதான் சார்," என்றார் கணவர், மூச்சக்காவை நேராகப் பார்த்துக்கொண்டே.

கட்டங்கள் நிரம்பியிருந்தன, மேலாளர் கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை. கணவர் நூற்று இருபத்தாறு கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் உறவு என்ற இடத்தில் 'மனைவி வழி' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் கையை உதறிக்கொண்டார், மறுபடி எழுதினார். மூச்சக்கா நாலு பேரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்தாள். அவளுக்குக் கண் கலங்கி எதுவும் சரியாகத் தெரியவில்லை.

கடைசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் அவள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். அவளிடம் மூன்றாவது நாளாக மூடியிருந்த வாய் திறந்தது.

"நாளையிலேருந்து பால் வாங்க நீ எந்திரிக்கிற. ஊதா பெயிண்ட்டை ஞாயித்துக்கிழமை மாத்தறோம். என்ன?"

அவள் வாழ்க்கையில் ஒருத்தர்கூட அவளை இப்படிக் கட்டிப்போட்டதில்லை.

"சரிங்க," என்றாள்.

"என்ன கலர்னு கேக்கலையே?"

"உங்க இஷ்டம்ங்க."

கணவர் சிரித்துக்கொண்டே மூட்டையோடு நடந்தார். வரிசையில் நின்ற நோயாளிகள் அவருக்கு வழிவிட்டார்கள்.