வாசித்து முடித்த விதை

ஐயா, மடிக்கணினியோடு கொட்டாஞ்சேனையில் என் விதைக்கடைக்கு வந்து விதை வாங்கிப் போனவரே, என்னைப் பொய்யனாக்கியது நீங்கள்தான். விதைக்கடை வாய்ச்சொல்லில் நடக்கிற வியாபாரம். முளைக்கும்வரை உள்ளே இருப்பதை எவனும் பார்க்க முடியாது. இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அரைப் போத்தல்

ஹெந்தளை ராணியக்கா மிளகாய் நட்டு விற்கிறவ. அயலில் எல்லாம் இலை சுருண்டு செத்தபோது அவவின் கன்றுகள் மட்டும் நின்றன. அவற்றின் மரபணுவை வாசித்தால், எதோடு எதைக் கலந்து நோய் தாங்கும் இனம் எடுக்கலாம் என்று செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும் என்றீர்கள். அக்காவிடம் இருந்ததே ஒரு போத்தல் விதை; அதில் அரைப் போத்தல் தரச் சம்மதித்தா. அரையோடு திரும்பி எனக்குப் பழக்கமில்லை. ஒரு மணித்தியாலம் கதைத்து முழுப் போத்தலையும் வாங்கினேன். நடுகைக்கு முன் பாதி திரும்பி வரும் என்ற உங்கள் பேச்சை என் வாக்காகக் கொடுத்தேன்.

"உங்கட கம்ப்யூட்டரை எனக்குத் தெரியாது தம்பி. உங்களைத்தான் தெரியும்."

பொரளைக் கந்தோர்

பிறகு அடைமழை. அக்காவின் தோட்டத்தில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. கேட்டதும் பொரளையில் உங்கள் கந்தோருக்கு ஓடினேன். நீங்கள் இல்லை. அங்கே வேலை செய்கிற பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டியது, வரிவரியாக மரபணு எழுத்துகள். கொஞ்ச விதையை முளைக்கவிட்டு இலையை எடுத்தார்களாம். மிச்சம் குளிரறையில், உங்கள் கையெழுத்தில்லாமல் வெளியே வராதாம். "அது இன்னும் முளைக்குமா?" என்று மேசையில் தட்டினேன்.

"பயப்படாதேங்கோ அங்கிள், எல்லாம் வாசிச்சு முடிஞ்சுது. தகவல் ஒண்டும் அழியாது."

பைக்கற்றின் பின்பக்கம்

போன கிழமை அக்கா கடைக்கே வந்துவிட்டா. ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற நான் விதை மூட்டைக்குப் பின்னால் குனிந்தேன். "என்ன முதலாளி, இண்டைக்குச் சத்தத்தக் காணல்ல?" என்று விதை வாங்க வந்த மாளிகாவத்தை நானா ஒருவர் காட்டிக்கொடுத்தார். வேறு வழியில்லாமல், கடையில் விற்கிற, கணினி தெரிந்தெடுத்த புது இன மிளகாய் விதைப் பைக்கற் ஒன்றை நீட்டினேன். அக்கா பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தா: இதிலிருந்து விதை எடுத்து மறுபடி நட வேண்டாம். பைக்கற்றை மேசையில் வைத்தா. அன்றிலிருந்து ஹெந்தளை நம்பர் அடித்தால் என் கை போனுக்குப் போவதில்லை; கடையை விட்டுப் போகும்போது அக்கா சொன்னதுதான் காதில் நிற்கிறது.

"நாத்துமேடை போட்டு மூடி வச்சிருக்கிறன் தம்பி. நீங்கள் சொன்ன நாள் வரைக்கும் பாப்பன்."

ஐயா, பேரம் பேசாமல் நான் கேட்கிற முதல் பொருள் இது: கையெழுத்தைப் போட்டு அந்த அரைப் போத்தலைத் திருப்பித் தாருங்கள்.