கோர்ட் வார்டும் ஒரு பை கத்தியும்

நான் வேலை பார்ப்பது மனநல மருத்துவமனையின் கோர்ட் வார்டில், சமூகப் பணியாளராக. என் மாமியார் மட்டும் ஊரில் "மாப்பிள்ளை மனநல ஆஸ்பத்திரியில இருக்காரு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்கிறவர்களும் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

குற்றம் நடந்த நேரத்தில் மனம் பிறழ்ந்திருந்தது என்று நீதிமன்றம் அனுப்பி வைத்தவர்கள் இருக்கும் வார்டு அது. வெளியிலிருப்பவர்கள் சினிமா வில்லன்களைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உள்ளே இருப்பவர்களோ கேரம் ஆடுகிறவர்கள், சாம்பாரில் உப்பு கம்மி என்று என்னிடம் சண்டை பிடிக்கிறவர்கள். அவர்களுடைய கேஸ் கட்டுகளைப் படித்தால் யாரோ ஒரு சமையலறையைக் காலி செய்தது போலிருக்கும்: அரிவாள்மனை, தோசைக்கல், அம்மிக் குழவி. கைக்கு எட்டியது ஆயுதம். அடிபட்டவரும் பெரும்பாலும் கைக்கு எட்டிய ஆள்தான். அம்மா, மனைவி, மச்சான். அதற்கு முன்பே மாத்திரை நின்றிருக்கும், தூக்கம் போயிருக்கும், தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற பயம் முற்றியிருக்கும். சிலருக்குக் குடியும் சேர்ந்திருக்கும்.

ஆம்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். அக்காள் வீட்டில் இருந்தபோது அக்காள் புருஷனின் கையைக் கத்தியால் கிழித்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தவர். மருந்தில் நன்றாகத் தேறியிருந்தார். வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யக் கமிட்டி கூடியபோது புதிதாக வந்திருந்த உறுப்பினர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்டில் ஆயுதம் ஏதும் இருக்கிறதா? இருந்தால் அனுப்ப முடியாது. நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்."

ஆம்பூரில் ஒரு வீட்டுக்குப் போய்க் கத்தி இருக்கிறதா என்று கேட்பது, மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டு இங்கே ஏதாவது வாசனை வருகிறதா என்று கேட்பதைப் போன்றது. அங்கே தோல் வெட்டுகிறவர்கள் தங்கள் கத்தியை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார்கள். பிடியில் தோல் வாரைச் சுற்றித் தன் கைக்குப் பழக்கி, சாயங்காலம் டிபன் பாக்ஸோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். கேஸ் கட்டில் "ஆயுதத்துடன் வந்தார்" என்று எழுதியிருந்தது. ஷிப்ட் முடிந்து வருகிற மனிதர் வேறு எப்படி வருவார்? இதைச் சொல்லிப் பார்த்தேன். "நேரில் பாருங்கள்" என்றார் மறுபடியும்.

போனேன். அக்காள் தரையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வந்த ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கத்தி, கத்தரிக்கோல், குத்தூசி. பார்த்த பிறகும் கேட்டேன், சம்பளம் வாங்குகிறேனே.

"வீட்டுல கூர்மையான சாமான் ஏதாவது இருக்குதாம்மா?"

"இன்னா சார், கண்ணாடிய மாத்துங்க" என்றார்.

கட்டிலில் இருந்த அவர் புருஷன் சட்டைக் கையை ஏற்றித் தழும்பைக் காட்டினார். "வெட்டு வாங்குனவன் நானு. நானே வரட்டும்ன்றேன். உங்க கமிட்டிக்கு இன்னா சார் பேஜாரு?"

"ஆயுதம் இருந்தா அனுப்ப மாட்டாங்களாம்."

"கத்தி அவன் சின்ன வயசுலருந்து கையில கீது சார். அப்பல்லாம் யாரையும் தொடல. மாத்திரைய நிறுத்திட்டு ராத்திரியெல்லாம் தூங்காம சுத்துனான், நாங்க பேய் ஓட்டினு இருந்தோம்."

நானும் அதையேதான் கமிட்டியில் தொண்டை வறளச் சொன்னேன் என்றேன். அதற்குள் அக்காள் எழுந்து, வீட்டிலிருந்த கூரான எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் போட்டு என் மடியில் வைத்துவிட்டார்.

"இப்ப வீட்டுல ஒண்ணும் இல்ல. தம்பிய அனுப்பச் சொல்லுங்க."

மறுக்கத் தெரியாத வாய் எனக்கு. பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில், அவர் ரிலீசாவதற்கு முன்பே நான் கோர்ட் வார்டில் படுக்க வேண்டியதாகிவிடுமோ என்று வியர்த்தது. ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார் மிகுந்த கனிவோடு. உள்ளே கொண்டு போகக் கூடாதென்று பையை அவருடைய பெட்டியிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மறுநாள் அக்காள் போன் செய்தார். "சார், தைச்சத எடுத்துனு போக வேன் வந்துடும். வேல அப்பிடியே நிக்குது. அந்தச் சின்னக் கத்தியாவது குடுங்களேன். வெங்காயத்தக்கூடக் கல்லுல நசுக்கினு இருக்கேன்."

அடுத்த கமிட்டியில் என் பொறுமை போய்விட்டது. கத்தியே இல்லாத ஊருக்குத்தான் அனுப்புவோமென்றால் இவரை அனுப்ப ஊரே கிடையாது, மாத்திரையை யார் கையில் கொடுப்பது, தூக்கம் கெட்டால் யாருக்குச் சொல்வது என்று கேளுங்கள் என்று கத்தினேன். கத்தும்போது என் குரல் கீச்சென்று போகும். அதனாலோ என்னவோ எல்லோரும் அமைதியானார்கள். கடைசியில் முடிவானது: மாத்திரை அவருடைய மாமா, அதாவது அக்காள் புருஷன், கையால், மாதா மாதம் டாக்டரிடம், தூக்கம் கெட்டால் உடனே போன், வேலைச் சாமான்களுக்குப் பூட்டு போட்ட டிரங்குப் பெட்டி. பூட்டு என்றதும் அந்த உறுப்பினரின் முகம் மலர்ந்தது. மற்றதெல்லாம் அவர் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூட்டிப்போக மாமா வந்தார். பையையும் கேட்டார். செக்யூரிட்டி ஒப்பவில்லை. "ஆளையும் கத்தியையும் ஒண்ணா அனுப்புனா என் வேல போய்டும் சார்." அதனால் அவர்கள் முன்னால் போக, ஆயுதங்களோடு நான் அடுத்த பஸ்ஸில் போனேன். படித்த படிப்புக்குக் கிடைத்த மரியாதை.

வீட்டில் தட்டு போட்டுச் சோறு பரிமாறியிருந்தார்கள். என் கையில் பையைக் கண்டதும் தம்பிக்காரர் தட்டை விட்டு எழுந்து, வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

"அத உள்ள வச்சிப் பூட்டிட்டுக் கூப்புடுக்கா" என்றார் திரும்பாமலே.

அக்காள் பையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். மாமாதான் எழுந்து போனார். தழும்புள்ள கையால் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"இன்னாடா மச்சான், விருந்தாளி மாதிரி வெளிய நின்னுகினு. வா, சோறு ஆறுது. சாரையும் உக்காரச் சொல்லு, நம்மளவிட ஜாஸ்தி பயந்து போயிருக்காரு."