அறுபதுக்கு மேல் பத்துப் பேர்

வடபழனி பஸ் டிப்போ எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் அன்புச்செல்வி. என் கடைக் கம்ப்யூட்டரில் தேவானை அக்கா எக்ஸெல் கற்றுக்கொண்ட கதை இது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

அக்கா சினிமா ஷூட்டிங்குக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பவர். இருபது வருஷம் செம்பியன் என்ற ஏஜென்டிடம் எடுபிடி வேலை. போன மாதம்தான் துணிந்து தனியாக இறங்கினார். நூற்று நாற்பத்து மூன்று பெண்களின் விவரமும் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அதை ஒற்றை விரலால் தட்டித் தட்டி, பதினைந்தே நாளில் எக்ஸெலில் ஏற்றிவிட்டார்! பெயர், உயரம், வயது, சைக்கிள் ஓட்டத் தெரியுமா, சொந்தப் பட்டுப்புடவை உண்டா, எல்லாம். ஃபில்டரை அழுத்தியதும் சைக்கிள் ஓட்டும் முப்பத்தொரு பேர் மட்டும் திரையில் நின்றார்கள். அக்கா போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

நேற்று நான்கு மணிக்கு முதல் பெரிய அழைப்பு. அறுபது வயதைத் தாண்டிய பத்துப் பெண்கள் பஸ்ஸை மறிக்கும் காட்சி. ஆதார் நகலோடு பட்டியல் ஐந்து மணிக்குள் போனால் படம் முழுவதற்கும் ஆள் சேர்க்கும் வேலை அக்காவுக்கு. போகாவிட்டால் செம்பியனுக்கு.

“இது இன்னா பெரிய மேட்டரு!” என்று வயதுக்கு ஃபில்டர் போட்டார். திரை காலி. ஒருத்திகூட இல்லை.

ஃபில்டரை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஒருவர் வயதும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. இந்தத் தொழிலில் நிஜ வயதைச் சொன்னால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எல்லாரும் குறைத்தே சொல்வார்கள். அக்காவும் பழக்கதோஷத்தில் அதையே ஏற்றியிருக்கிறார். அட கடவுளே!

‘நெஜ வயசு’ என்று பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டார். முதல் போன் முனியம்மாளுக்கு.

“யக்கா, உனுக்கு நெஜமா இன்னா வயசு?”

“நாப்பத்திரெண்டு.”

“உன் பேத்தி காலேஜுக்குப் போய்க்கினு கீறா!”

“அது அவ வயசு. எனுக்கு இன்னா?”

“வேலை கீது யக்கா. அறுபதுக்கு மேலதான் கேக்குறாங்க.”

“அத மொதல்ல சொல்ல மாட்டியா? அறுபத்தி நாலு! வெளிய சொன்ன, கொன்னுடுவேன்.”

அடுத்தடுத்து போன். சிலர் திட்டினார்கள், சிலர் சட்டென்று வைத்துவிட்டார்கள். ஒப்புக்கொண்டவர்களின் ஆதார் வாட்ஸ்அப்பில் வர வர, நான் பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது ஒன்பது பேர். அறுபது தாண்டியிருக்கும் என்று நினைத்துக் கூப்பிட வேறு ஆளே இல்லை.

“போச்சுடி. அந்த ஆளுக்கே போவப்போவுது” என்றார் அக்கா. அவர் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

பிறகு மெல்லப் பட்டியலின் கடைசிக்குப் போனார். ஆள் குறைந்தால் தானே போய் நிற்பவர் என்பதால் அவர் பெயரும் அதில் உண்டு. தேவானை, வயது 44. புதுப் பத்தியில் ஆறைத் தட்டினார். கொஞ்சம் தயங்கி, ஒன்றைத் தட்டினார். பர்ஸிலிருந்து தன் ஆதாரை எடுத்து நகல் போட என்னிடம் நீட்டினார்.

மறுபடி ஃபில்டர். பத்து வரி!

“பத்துடி! அனுப்பு, அனுப்பு!”

அனுப்பிய மூன்றாவது நிமிஷம் பதில் வந்தது. ஓகேவாம், காலை ஆறு மணிக்கு வேன் வருமாம். நாங்கள் இருவரும் கடைக்குள் குதித்த குதியில் பேப்பர் கட்டு சரிந்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே வீட்டுக்காரருக்கு போன் போட்டார்.

“யோவ், படம் எனுக்குத்தான்யா! நானும் நடிக்கிறேன். அப்பறம்... எனுக்கு அறுபத்தி ஒண்ணு. ஆமாய்யா, உன்ன வுட ரெண்டு வயசு கூட. சோத்த வடிச்சு வையி, வந்து பேசிக்கலாம்.”