நாலு கியரும் பின்னால்

ரிவர்ஸ் அண்ணனின் கழுத்து எப்போதும் கொஞ்சம் இடது தோள் பக்கமாகத் திரும்பியே இருக்கும். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறைய பேர். சுளுக்கும் இல்லை, கிளுக்கும் இல்லை. தொழில் கொடுத்த வரம் அது. பெரிய கிடங்கு ஒன்றில் முப்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கரங்களில் பெட்டிகளை அடுக்கிவிட்டால் எதிரே ஆள் வருகிறாரா, சுவர் வருகிறதா என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் சரக்கு ஏற்றிய வண்டியைப் பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். வேலை பார்த்த காலத்தில் பாதியை அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடியேதான் கழித்தார். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு சாலையில் போனது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையும் விளங்கவில்லை.

கல்யாணமான புதிது. நண்பரிடம் மோட்டார் பைக்கை இரவல் வாங்கி, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, மாப்பிள்ளை மிடுக்கோடு கிளட்சை விட்டார். வண்டி ஓர் எகிறு எகிறியது. வண்டி போய்விட்டது, அண்ணி தெருவிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் அது தெரியாமல், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். வீட்டுக்கு என்ன சாயம் அடிக்கலாம், ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "என்ன, சரிதானே?" என்று கேட்டார். எதிர்ப்பேச்சே இல்லை. நமக்கு வாய்த்தவள் தங்கம் என்று பூரித்துப் போனாராம் மனிதர். இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோதுதான் தங்கம் பின்னால் இல்லை என்று தெரிந்தது.

"விழுந்ததுகூடப் பரவாயில்லைங்க. நான் விழுந்தது தெரியாம பேசிக்கிட்டே போனாரு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல" என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார். முழங்கையில் பட்ட சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிட்டது. இவருடைய முதுகுக்குப் பின்னால் இனி உட்காருவதில்லை என்ற முடிவு மட்டும் ஆறவே இல்லை.

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில் அண்ணியின் முழங்காலும் ஓய்வு கேட்க ஆரம்பித்தது. பஸ் படிக்கட்டு ஏற முடியவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அக்காவைப் பார்க்க முடியவில்லை. அக்காவும் இந்தப் பக்கம் வர முடியாது, அவருக்கும் அதே முழங்கால், குடும்பச் சொத்து. இருவரும் போனிலேயே அழுது, போனிலேயே சிரித்து, போனிலேயே சண்டையும் போட்டுக்கொண்டார்கள். போனை வைத்துவிட்டு அண்ணி தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். வாடகைக் காரில் போகலாமே என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தார்.

"கீழ போட்டவன் நான். ஏத்திக்கிட்டுப் போறவனும் நானாத்தான் இருக்கணும்."

இரண்டு சக்கரத்தில் ஏறமாட்டேன் என்பது அண்ணியின் சபதம். நாலு சக்கரம் அவர்கள் வீட்டுச் சந்துக்குள் நுழையாது. மிச்சம் இருந்தது மூன்று. அண்ணியின் தம்பி லேத்துப் பட்டறை வைத்திருந்தார். அங்கே மூலையில் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜின் ஒன்று சாக்குப் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. கிடங்கில் டீசல் புகையிலேயே வளர்ந்தவருக்கு வேறு என்ஜின் மேல் மரியாதையே கிடையாது. பெட்ரோல் என்ஜின் கொசு மாதிரி ரீங்காரம் பண்ணும் என்பார். ஆகவே டீசல் என்பதில் தகராறு இல்லை. அந்த என்ஜினின் பலத்தைப் பின்சக்கரத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் மாமனும் மச்சானும் முட்டிக்கொண்டார்கள்.

"பைக் கியர்பாக்ஸ் ஒண்ணு, பின்னால ஒரு செயின். வேல முடிஞ்சுது மாமா. சும்மா பறக்கலாம்" என்றார் லேத்துக்காரர்.

"பறந்து எங்கடா போறது? அதுல ரிவர்ஸ் இருக்கா?"

"பைக்ல எதுக்கு மாமா ரிவர்ஸ்?"

"அப்ப அது எனக்கு வண்டியே இல்ல."

அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். உடைசல் கடையில் கிடந்த சின்ன வேனிலிருந்து கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் மூன்றையும் மொத்தமாகத் தூக்கி வந்தார்கள். முன்னால் போக நாலு கியர், பின்னால் வர ஒன்று. ஆக்சிலை நடுவில் அறுத்து, சந்துக்குத் தகுந்த மாதிரி சுருக்கிப் பற்றவைத்தார் லேத்துக்காரர். அடுத்த சண்டை, என்ஜினை கியர்பாக்ஸோடு எப்படி இணைப்பது? நேராக போல்ட் போட்டு, கிளட்ச் தகடு வைத்துவிடலாம் என்றார் லேத்துக்காரர். பெல்ட் போடலாம் என்றார் அண்ணன். வீட்டுக் கூடத்தில் இருவரும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது, தையல் மெஷினை நிறுத்தாமலே அண்ணி ஒரு கேள்வி கேட்டார்.

"கிளம்பும்போது எது உதறாது?"

அந்தக் கேள்வியோடு விவாதம் முடிந்தது. பெல்ட்தான். ஒரு கைப்பிடியை மெல்ல இழுத்தால் சின்ன உருளை ஒன்று பெல்ட்டை அழுத்தும். பெல்ட் முதலில் வழுக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். வண்டி நகர்ந்ததே தெரியாது.

"நான் ஏறப்போறதில்ல. சும்மா கேட்டேன்" என்றார் அண்ணி.

ஏறப்போவதில்லை என்றவர் சும்மா இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. இருக்கைக்கு இரட்டைத் தையல் போட்டு மெத்தை தைத்தார். பிடித்துக்கொண்டு உட்காரக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று நூல் பிடித்து அளந்து கொடுத்தார். சட்டகம் எழுந்து நின்றதும் பட்டறைக்கு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"ஏறுற பக்கம் எது?"

"இடது பக்கம்."

"சைலன்சரும் இடது பக்கம்தான இருக்கு? ஏறும்போது கால் வெந்துடாதா?"

"நீதான் ஏறப்போறதில்லையே" என்றார் அண்ணன்.

"ஏறப்போறவங்களுக்குச் சொல்றேன்."

அன்று மதியமே என்ஜினைத் தூக்கி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். சைலன்சர் வலது பக்கம் போய்விட்டது. என்ஜினின் இரண்டு முனைகளிலும் பெல்ட் மாட்டும் சக்கரம் இருந்ததால் பெல்ட்டை மறு முனையில் மாட்டுவது சுலபமாக முடிந்தது. ஒரு பெண் சொன்னதை உடனே செய்துவிட்ட பெருமையில் இரண்டு ஆண்களும் டீ குடிக்கப் போனார்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் பட்டறை முற்றத்தில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். அண்ணி புது மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். லேத்துக்காரர் என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்ற, என்ஜின் இருமி, தும்மி, பிறகு தடதடவென்று நிலைக்கு வந்தது. அண்ணன் முதல் கியரைப் போட்டு, பெல்ட் கைப்பிடியை நிதானமாக இழுத்தார்.

வண்டி அலுங்காமல் குலுங்காமல் கிளம்பியது. பின்பக்கமாக.

வேறு யாராக இருந்தாலும் பதறி எதையாவது மிதித்திருப்பார்கள். அண்ணனுக்கு யோசிக்கவே அவகாசம் தேவைப்படவில்லை. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. லேத்துக்காரர் "மாமா, நிறுத்துங்க!" என்று அலற, அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் கியர் போட்டார். அதுவும் பின்னால். மூன்றாவது, நாலாவது, எல்லாம் பின்னால். என்ஜினைத் திருப்பி வைத்தபோது அது சுற்றும் திசையும் திரும்பிவிடும் என்று இரண்டு பேரில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. முன்னால் போக இருந்த நாலு கியரும் பின்னால் போயின. ரிவர்ஸ் கியர் ஒன்றுதான் நத்தை வேகத்தில் முன்னால் போகும்.

லேத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். அண்ணனோ முகமெல்லாம் பல்லாக முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். இரும்புக் குவியலைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியை உரசாமல், துளை போடும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் வண்டியைக் கொண்டுபோய்ச் செருகி, திரும்ப எடுத்தார். கூட்டம் கை தட்டியது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். மெத்தையை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வண்டி அருகே வந்து, இருக்கையில் வைத்து நாடாவைக் கட்டினார். இடது பக்கமாகக் காலை வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இறங்குக்கா! அது இன்னும் சரியாகல!"

"எனக்கு இதுதான்டா சரி. அன்னிக்கு முன்னாடி பாத்துக்கிட்டு ஓட்டினாரு, நான் விழுந்தது தெரியல. இப்ப என் பக்கம் பாத்துக்கிட்டுதான ஓட்டியாகணும்?"

இத்தனை வருஷமாக எதற்கு ஏங்கினோமோ அது பின் இருக்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் குறை சொன்னார்.

"கொஞ்சம் சாஞ்சு உக்காரு. வழி தெரியல."

"வழிய நான் சொல்றேன். நீங்க என்னைப் பாருங்க."

கைப்பிடியை அவர் இழுத்த நிதானத்தைப் பார்க்க வேண்டுமே. வண்டி நகர்ந்தது. "வலது பக்கம்... உங்க வலது இல்ல, என் வலது... போதும் போதும், தொட்டி!" என்று அண்ணி தன் தோளுக்கு மேலே பின்னால் எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர்கள் டேங்கில் டீசல் தீரும்வரை சுற்றினார்கள். கடைக்காரர்கள் அலுத்துப்போய் அவரவர் கடைக்குப் போனார்கள்.

ஆனால் பாலத்தைப் பின்பக்கமாகத் தாண்ட முடியாதே. என்ஜினைப் பழையபடி திருப்பிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார் லேத்துக்காரர். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ஏறும் பக்கம் சூடு கூடாது. ஆகவே ஆக்சிலையே கழற்றித் தலைகீழாக மாட்டினார்கள். அப்படி மாட்டினால் சக்கரம் சுற்றும் திசை மாறிவிடும். எண்ணெய் ஊற்றும் துளை அடிப்பக்கம் போனதால் மேலே புதிதாக ஒன்று போட்டார்கள். வேலை முடியும்வரை லேத்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வண்டி முன்னால் போனபோது அவர்தான் முதலில் விசில் அடித்தார்.

சோதனை, நம்பர் பலகை எல்லாம் முடிந்த ஒரு காலையில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். முன்னால் பார்த்து ஓட்டும் வண்டி என்பதால் அண்ணி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பேசலாம், ஆனால் பதில் வந்த பிறகுதான் அடுத்த வார்த்தை.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"பாலம் வருது. இருக்கியா?"

"எங்க போகப் போறேன், இருக்கேன்."

ஆறு, படகுகள், எதிர்க்காற்று என்று அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பாலம் இறங்கியதும் மறுபடியும் கேட்டார்.

"இருக்கியா?"

பதில் இல்லை.

அண்ணனுக்கு உயிரே இல்லை. பெல்ட் கைப்பிடியை விட்டுவிட்டு, ஓரமாக நிறுத்தி, பழக்கப்பட்ட அந்தக் கழுத்தைத் திருப்பினார். அண்ணி இருந்தார். அந்தத் தடதடப்பிலும், அக்காவுக்கென்று தைத்த துணிப்பையைக் கட்டிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அமுக்கப் போனார். அண்ணன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு பெல்ட் கைப்பிடியை, தன் முப்பது வருஷ வேலையில் எந்தச் சரக்குக்கும் காட்டாத நிதானத்தோடு, மெல்ல, மெல்ல இழுத்தார். வண்டி கிளம்பியது. அண்ணி விழிக்கவில்லை.