லஸ்கே என்றால் இறக்கு

நூருல் அமீன் துபாயில் பதினாறு வருடம் கிரேன் ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரு சாமானையும் கீழே போட்டதில்லை. எதையும் சட்டென்று இறக்கியதும் இல்லை. பயந்த சுபாவம். வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போலத்தான் வைப்பார். 2009 தொடக்கத்தில் துபாய்க் கட்டடங்கள் பாதியில் நின்றன. அவரும் பாதியில் நின்று காரைக்கால் திரும்பினார்.

கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவலைக் கொண்டுவந்தவர் மனைவியின் தம்பி ஜெகபர் சாதிக். துறைமுக வாசலில் லாரி நம்பர் எழுதுவது அவர் உத்தியோகம். ஆகவே உள்ளே நடப்பது அனைத்தும் தனக்குத் தெரியும் என்பது அவருடைய கட்சி.

"கிரேனு பின்லாந்து, மச்சான். டெஸ்ட் வைக்க வர்ற இன்ஜினியரும் பின்லாந்து. இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாதாம்."

"அப்ப ஏத்து, இறக்குன்னு எந்தப் பாஷையில சொல்லுவாரு?"

"அவரு பாஷையிலதான். தெரியலன்னா வேலை இல்ல, அவ்வளவுதான்."

நூருல் அமீனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்த வேலையும் போனால் வேறு கிரேன் காரைக்காலில் கிடையாது.

மறுநாளே பாரதியார் வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார். புதிதாகப் படிப்பவர்களுக்கென்று எளிய நடையில், நிறுத்தி நிதானமாக வாசிக்கிற பின்லாந்துச் செய்தி ஒன்று அகப்பட்டது. உலகம் கடனில் தத்தளித்த காலம் அது. செய்தியில் திரும்பத் திரும்ப ஒரே சமாச்சாரம்: 'கெஸ்குஸ்பங்கி லஸ்கே கொர்கோவா.' அகராதியைத் தட்டிப் பார்த்தார். கெஸ்குஸ்பங்கி, மத்திய வங்கி. லஸ்கே, இறக்குகிறது. கொர்கோவுக்கு இரண்டு பொருள்: வட்டி, செருப்பின் குதி, அதாவது ஹீல்.

வட்டி வாங்கியதும் கொடுத்ததும் இல்லாத வம்சம். ஆகவே வங்கி செருப்புக் குதியைத்தான் இறக்குகிறது என்று முடிவுகட்டி, நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மனைவி அமீர் நிஷா நோட்டைப் புரட்டினாள். "ஏங்க, ஒரு பேங்கு எதுக்குத் தெனம் செருப்பச் சீவிக்கிட்டிருக்கு?"

அவர் நோட்டை மெல்ல வாங்கி மூடிவைத்தார்.

"வட்டிதானே? ஒரு வக்து தொழுகைய விடாத மனுஷன், காசு குடுத்துப் போயி வட்டிப் பாடம் படிச்சிட்டு வர்றீங்க."

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்த வருடம் வட்டி இறங்கியதே தவிர ஏறவில்லை. 'இறக்கு' வந்துவிட்டது, 'ஏற்று' வரவில்லை. அகராதியில் தேடினால் ஒன்பது சொற்கள் வந்தன. எது கிரேனுக்கு, எது மாடி லிப்டுக்கு என்று சொல்ல ஆளில்லை. ஐரோப்பாவில் வட்டி ஏறட்டும் என்று துஆ கேட்கலாமா என மூன்று நாள் யோசித்தார். யாரிடமும் கேட்கத் துணியவில்லை. ஜூனில் ஒரு முன்னேற்றம்: 'எய் லஸ்கே', இறக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

டெஸ்ட் நாளில் பின்லாந்துக்காரர் கைகொடுத்து, "குட் மார்னிங்" என்று தொடங்கி, ஜெகபர் சாதிக்கின் ஏழு தலைமுறைக்குப் போதுமான இங்கிலீஷ் பேசினார். வாக்கிடாக்கியில் அப், டவுன், ஸ்டாப். எல்லாம் துபாய் பாஷை. நூருல் அமீன் ஏணியேறி கிரேனில் உட்கார்ந்தார்.

கடைசியாக ஐந்து டன் கான்கிரீட் கட்டை. "டவுன்" என்றார் இன்ஜினியர். நூருல் அமீன் இறக்க ஆரம்பித்தார். அப்போதுதான் இன்ஜினியர் தம்முடைய தோள்பை கட்டைக்கு நேர் கீழே கிடப்பதைக் கண்டார். பதற்றத்தில் இங்கிலீஷ் போய்த் தாய்மொழி வந்தது.

"ஆலா லஸ்கே! ஆலா லஸ்கே!"

நூருல் அமீன் காதில் 'அல்லா' என்று விழுந்தது. ஆபத்து என்றால் எவர் வாயிலும் அந்தப் பெயர்தான் வரும் என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அடுத்த சொல்லோ அவருக்குத் தெரிந்த ஒரே வினைச்சொல். தொடர்ந்து இறக்கினார். 'ஆலா லஸ்கே' என்றால் இறக்காதே என்று செய்தி சொல்லித்தரவில்லை. செய்தி யாரையும் அதட்டுவதில்லை.

ஆனால் அவர் இறக்கிய விதம் குடத்தை வைக்கிற விதம். இன்ஜினியர் எதிரே ஓடிவந்து, இரண்டு கையையும் குறுக்கே வீசி, மூச்சு வாங்கி, மறுபடி வீசுவதற்கு நேரம் இருந்தது. கட்டை பைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

கீழே கூப்பிட்டார்கள். வேலை போயிற்று என்றே ஏணியில் இறங்கினார்.

"லஸ்கே உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இன்ஜினியர் இங்கிலீஷில்.

நூருல் அமீன் தமக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைப் பாடம்போல் ஒப்பித்தார்: "கெஸ்குஸ்பங்கி லஸ்கே கொர்கோவா."

இன்ஜினியர் ஊரில் வீட்டுக் கடன் உள்ளவர் போலிருக்கிறது. வட்டி இறங்கும் சேதி கேட்டு முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. பையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, படிவத்தில் 'இறக்கும் வேகம்: மிகக் குறைவு. இந்த ஆளை எடுக்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் அமீர் நிஷா. "கெடச்சிருச்சா? எதால கெடச்சுது, சொல்லுங்க."

நூருல் அமீன் செருப்பைக் கழற்றி, மெதுவாக, சத்தம் வராமல் சுவரோரம் வைத்தார்.

"செருப்புக் குதியால" என்றார்.