ஏழாம் எண்ணின் பெயர்

பட்டினப்பாக்கத்து ஜான்சிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை. கார் நிறுத்துமிடங்களின் தானியங்கிக் கேட்டுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி. மீன் விற்கும் அம்மா, "கம்ப்யூட்டர்ல இன்னாடி பண்றே?" என்று கேட்டால், "மிஷின் ஏன் நின்னுபோச்சுன்னு கண்டுபுடிக்கிறேம்மா" என்பாள். அது உண்மையாக இருக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு நிறையவே இருந்தது.

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் கேட், பாதி தூக்கியபடி அடிக்கடி நின்றுவிடும். பின்னால் ஹாரன் சத்தம் பனகல் பார்க் வரை கேட்கும். அந்த மிஷினை இயக்கும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள், தான் செய்வதையெல்லாம் டிரேஸ் என்ற பதிவில் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். கேட் நின்ற இடத்தில் மட்டும் ‘காரணம்: 7’ என்று இருக்கும்.

"செவன்னா ஹார்டுவேர்" என்பார் மேலாளர் குருபிரசாத், கண்ணை மூடிக்கொண்டு. அவர் சொன்னபிறகு யார் தேடப்போகிறார்கள்? கடைக்காரர் அக்பர் பாஷா கேமராவை மாற்றினார், மோட்டாரை மாற்றினார், கடைசியில் கேட்டையே எதிர்ப்பக்கம் நகர்த்தினார். ஏழு அசையவில்லை.

ஜான்சி நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதியவர் வைத்த பெயர் உள்ளே இருந்தது. டிரேஸ் இனி எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரையே காட்டும்படி செய்தாள். ஏழின் பெயரைப் பார்த்ததும் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் அதை அப்படியே விட்டாள். குருபிரசாத் வழக்கம்போல் படிக்காமலே ஒப்புதல் தந்தார்.

சரிபார்க்க இருவரும் கடைக்குப் போயிருந்தபோது, எல்லார் எதிரிலும் கேட் நின்றது. திரையில் ‘காரணம்: ஜீபீ டெம்பரரி வெயிட், ஃபிக்ஸ் லேட்டர்’ என்று வந்தது.

"யாரு சார் இந்த ஜீபீ?" என்றார் அக்பர் பாஷா.

"ஜெனரல் பர்ப்பஸ்" என்றார் குருபிரசாத். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘இப்போதைக்குக் காத்திரு, பிறகு சரிசெய்யலாம்’ என்று தன் பெயரின் சுருக்கத்தைப் போட்டு எழுதிய வரி அது.

திரும்பும்போது காரில் முணுமுணுத்தார். "நம்பராவே நன்னா இருந்துண்டிருந்தது. கஸ்டமருக்கு எல்லாம் புரியணுமா என்ன? ‘சூழல் தாமதம்’னு பேரை மாத்திடு."

"பேர மாத்துனா கேட்டு தூக்குமா சார்? அந்த வரிய எடுத்தா தூக்கும்."

சைதாப்பேட்டை சிக்னலில் அவர் காரை நிறுத்தினார். பிறகு, "எடுத்துடு. ஆனா மெயில் என் பேர்ல போகட்டும்" என்றார்.

கேட் சரியானது. ஆண்டு விழாவில் குருபிரசாத் ‘வாடிக்கையாளருக்குப் புரியும் மொழி’ பற்றி அரைமணி நேரம் பேசிக் கேடயம் வாங்கினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்த ஜான்சி, நிதானமாகக் கைதட்டினாள். அதற்குள் மற்ற எண்களின் பெயர்களையும் அவள் பார்த்துவிட்டிருந்தாள். ஒன்பதாம் எண்ணில் இருந்த பெயர், கேடயம் கொடுத்த இயக்குநருடையது.