காணிக்கைச் சேவல்

எங்கள் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிற சங்கதி அல்ல. போதகர் அன்று என்ன சொன்னாரோ அதுவே அடுத்த சனிக்கிழமை வரை எங்கள் வீட்டுச் சட்டம். நாளைய பாட்டைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் ஒருமுறை சொல்லிவைக்க, அந்த வாரம் முழுக்க அப்பா விறகு வெட்டிவைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த அம்மா, "அந்தப் போதகரு ஒரு நாளைக்கு நம்ம அடுப்ப ஊதிட்டுப் போயி பிரசங்கம் பண்ணட்டும்" என்றாள். மறு கன்னத்தைக் காட்டும் வாரத்தில் அக்கா என்னை அறைந்தாள். நானும் மறு கன்னத்தைக் காட்டினேன். அவள் அதையும் விட்டுவைக்கவில்லை.

சிலோனில் மாத்தளைப் பக்கம், பலாபத்வலைக்கு மேலே, ரப்பரும் கொக்கோவும் போட்ட தோட்டத்தில் எங்களுக்குக் கூலி வேலை. அங்கே வேதக்காரக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே அப்பாவின் பக்தி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. அப்படிப்பட்டவர் தன் கூடப்பிறந்த தம்பியோடு பேசுவதில்லை என்பதும் லயம் முழுவதற்கும் தெரியும்.

சித்தப்பா முதலில் கீழ் லயத்தில் இருந்தார். தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்த கலவரத்தில் அவர் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா எரிந்துபோனது. பிள்ளைகளோடு கொக்கோ மரங்களுக்குள் பதுங்கிக் கிடந்துவிட்டு வந்தவர், அடுத்த மாதமே இந்தியாவுக்குப் போய்விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் அப்பாவோ எப்போதோ சிலோனுக்கு எழுதிக் குடியுரிமை வாங்கியிருந்தார். அண்ணன் தம்பி இருவரும் பிறந்தது இதே தோட்டத்தில்தான். இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இருவருமே திருதிருவென்று விழித்திருப்பார்கள்.

"பொறந்த எடத்த விட்டுட்டு ஓடுறவன் எனக்குத் தம்பி இல்ல" என்றார் அப்பா.

"எரிஞ்சது அவரு வீடு இல்லையே" என்றார் சித்தப்பா.

அதோடு பேச்சு நின்றது. தோட்டத்தில் சித்தப்பாவுக்குக் கிடைத்த மாற்றுக் காம்பரா எங்கள் காம்பராவுக்குப் பக்கத்தில் வாய்த்ததுதான் வேடிக்கை. நடுவில் ஒரே சுவர். "கூரையில தகரம் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு அவன்கிட்டச் சொல்லு" என்று அப்பா என்னிடம் சத்தமாகச் சொல்வார். "கேட்டுச்சுன்னு சொல்லு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும். இடையில் நான் வாயைத் திறக்கவே தேவைப்படாது.

சித்தப்பா குடும்பம் புறப்படுகிற நாள் அறுப்புப் பண்டிகை ஞாயிறாக அமைந்துவிட்டது. அன்று அவரவர் வளர்த்ததில் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுபோய்ப் பலிபீடத்தின் முன் வைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். இருப்பதில் சிறந்ததையே கொடுக்கவேண்டும் என்பது முந்தின வாரப் பிரசங்கம். எங்கள் வீட்டில் இருந்ததில் சிறந்தது என் செவலைச் சேவல்தான். குஞ்சாக இருந்ததிலிருந்து என் கையில் தின்று வளர்ந்தது. நான் அழுத அழுகைக்கு வீட்டில் மதிப்பில்லை.

"மத்தியானம் தம்பி லாரி ஏறுதுங்க. கோயிலு எங்கயும் போயிறாது" என்றாள் அம்மா. அப்பா சேவலின் காலைக் கட்டினார். அம்மாவும் அக்காவும் சித்திக்குப் பெட்டி கட்ட உதவப் போனார்கள். நான் மட்டும் அப்பாவோடு, அதாவது சேவலோடு, வேதக் கோயிலுக்குப் போனேன்.

கோயில் பெரிய ரோட்டோரத்தில் இருந்தது. பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவே சேவலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். அன்று போதகர் எடுத்துக்கொண்ட வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கையைச் செலுத்து என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் தலை குனிந்துகொண்டே போயிற்று. திடீரென்று எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, சபை முழுவதும் திரும்பிப் பார்க்க, நடுவழியாக வெளியே நடந்தார். பின்னாலேயே சேவல் ஒரு கூவல் கூவியது. பிரசங்கம் ஒரு நிமிடம் நின்றுபோனது.

கொக்கோ மலைக் குறுக்குப் பாதையில் அப்பா ஓட, நான் பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தகரப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லயமே கூடி ஒப்பாரி வைத்தது. அண்ணனைக் கண்டதும் சித்தப்பா கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

"பொட்டிக்குக் கயிறு கட்டிட்டியா?" என்றார் அப்பா.

"கட்டியாச்சுண்ணே."

அப்பா லாரியில் ஏறி, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினார். "கப்பல்ல குளிருமாம். புள்ளைங்களப் போத்தி வச்சுக்க."

"சரிண்ணே."

மன்னிப்பு என்ற சொல் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. சித்தப்பா அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அப்பா அவர் முதுகில் தட்டினார். பிறகு சட்டென்று விலகி, "நான் வாறேன். காணிக்கை அங்க கெடக்கு" என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏங்க, இன்னங் கொஞ்ச நேரத்துல லாரி எடுத்துருவாங்க. நின்னு அனுப்பிட்டுப் போனா என்ன?"

"திரும்பி வந்து செலுத்தணும்னுதானே போதகரு சொன்னாரு."

சித்தப்பா கீழே வைத்த மூட்டையை எடுத்துக்கொண்டார். "விடுங்க அண்ணி. நீ போண்ணே, சேவலு காத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். சேவலை இன்னொரு தடவை பார்க்கலாமே.

நாங்கள் திரும்பியபோது முற்றத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பூசணிக்காய் போய், வாழைக்குலை போய், என் சேவலின் முறை வந்தது. அதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, "ஒருதரம்" என்றார்கள். அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது. மாத்தளை ஸ்டேசனுக்கு அந்த ரோட்டில்தான் போயாகவேண்டும். கோயிலுக்கு நேரே வந்ததும் லாரி வேகம் குறைத்து நீளமாக ஹார்ன் அடித்தது. முற்றத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி சேவலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டுதரம்."

பெட்டிகளுக்கு மேலே சித்தியின் கை ஆடியது. சித்தப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் கை காட்டியிருக்கலாம். எனக்கோ சேவல் போகிற துக்கம்.

"மூணுதரம்" என்றபோது லாரி வளைவில் மறைந்துவிட்டது. சேவல் யாரோ ஒருவர் கைக்குப் போனது.

வீட்டுக்கு நடக்கும்போது நான் விசும்பிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் வேறொரு விசும்பலும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா. அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பிரசங்கத்தில் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்து முடித்தவர் எதற்காக அழவேண்டும்? எனக்குப் பாவமாகப் போயிற்று. என் அழுகையை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்கப்பா. நாம வேற ஒண்ணு வளப்போம்."

அப்பா என்னைப் பார்த்தார். "ம்... வளப்போம்மா" என்றார்.

என் சேவல்மேல் அப்பாவுக்கு இவ்வளவு பாசமா, இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.